மாடியில் நனைந்தவர்

வானத்தைப் பார்த்தபடியே மேகத்தின் ஈரத்தை அளக்கும் மைக்ரோவேவ் கருவி, திருவண்ணாமலை ஆபீஸ் மொட்டைமாடியில் இருந்தது. புயலன்று, "பொம்பளப் பொண்ணுக்கு மாடில என்னா வேலை?" என்று கஸ்தூரியைக் கீழேயே நிறுத்திவிட்டு, அதிகாரி சக்கரபாணி ஏறிப்போனார்.

அன்றைய அளவீட்டு அறிக்கையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது.

"ஆறு மாசமா மெஷினை ஓட்டுனது நான் சார். எங்க வீட்லயே மொதல்ல படிச்சவ. அச்சுல என் பேரப் பார்க்க எங்கப்பா காத்துனிருக்காரு."

"மாடில நனைஞ்சது நான்தாம்மா!"

மெட்ராஸிலிருந்து வந்த நிபுணர் அறிக்கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "மழை பெய்ஞ்ச நேரம் பூரா கோடு அசையாம உச்சியிலயே நிக்குதே. மெஷின் மேல எதனா போட்டு மூடினீங்களா?"

"மூடல சார். மெஷின் நனையக் கூடாதுன்னு ரெண்டு மணி நேரமும் நான்தான் அதுக்குக் குடை புடிச்சேன்!"

"அப்போ உங்க குடையோட ஈரத்தைத்தான்யா அளந்திருக்கு!"

சக்கரபாணி பக்கத்தில் நின்ற கஸ்தூரியைக் கைகாட்டினார். "கஸ்தூரியும் கூடத்தான் சார்..."

"இல்லங்க," என்றாள் கஸ்தூரி. "மாடில நனைஞ்சது சார் மட்டும்தான்."