ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்

ரெக்கார்டு பிளேயரின் தட்டு சுற்றவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே மோட்டார் மெல்ல உறுமியது. தட்டு மட்டும் கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஒரு கை பார்த்துவிடுவது என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது வீட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் திட்டம். அவள் முகம் எப்படி மாறும் என்று காலையிலிருந்தே நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஊரில் பாதிப் பேர் மாடி ஏறி இறங்குவது இவர் புண்ணியத்தில்தான். எந்த லிஃப்ட் நின்றாலும், கூப்பிட்ட குரலுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வீட்டில் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். கொக்கி போன ஜன்னலைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். கேட்டால் ஒரே பதில்: ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை தூங்குவார்.

ரெக்கார்டு பிளேயர் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பே தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. கொஞ்ச நாளாக அதில் பாட்டே கேட்கவில்லை. கெட்டுப்போயிருக்கும் என்று இவராகவே நினைத்துக்கொண்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

எதைப் பற்றியுமே அவள் இப்போது சொல்வதில்லை. குழாயைப் பற்றி, கொக்கியைப் பற்றி, சாப்பிட வருகிறேன் என்று சொல்லிவிட்டு இவர் வராமல் போவதைப் பற்றி. முன்பெல்லாம் சண்டை போடுவாள், சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு அழுவாள். அது எப்போது நின்றது என்று இவருக்குத் தெரியாது. நச்சரிப்பு ஓய்ந்ததே என்று உள்ளூர நிம்மதிதான் பட்டார். எங்கள் வீட்டில் இப்போது சண்டையே கிடையாது என்று கூட வேலை செய்கிறவரிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

நேற்று எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அந்த அமைதி உறைத்தது. பேச வாயைத் திறந்தார். எதைப் பேசுவது என்று தெரியவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

அதனால்தான் இன்று தூங்கவில்லை.

பிளக் சரி. ஒயர் சரி. ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டுத் தட்டை இரு கையாலும் பிடித்து மேலே தூக்கினார். தட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். காயவில்லை, நன்றாகத்தான் இருந்தது. மோட்டாரும் ஓடியது. ஆனால் சக்கரத்தைத் தொடாமல், ஒரு நூல் கீழே இறங்கி நின்று ஓடியது.

குனிந்து பார்த்தார். மோட்டாருக்கு இருபுறமும் இருந்த இரண்டு ஸ்க்ரூவும் இறுக்கப்பட்டிருந்தன.

இவ்வளவுதானா! சிரிப்பே வந்துவிட்டது. பிளேயர் கெடவே இல்லை. இரண்டையும் தளர்த்திவிட்டால் ஸ்பிரிங் மோட்டாரை மேலே தள்ளிவிடும், தட்டு சுற்றும், பாட்டு ஓடும். திருப்புளியை வைத்து முதல் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்பினார்.

கை நின்றுவிட்டது.

இந்த ஸ்க்ரூ தானாக இறுகாது.

இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் வண்டி குலுங்கிய குலுங்கலில் மோட்டாரின் ஸ்பிரிங் அறுந்துபோனது. பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அந்த ஒரு தடவைதான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் அன்றைக்கே சரிசெய்து கொடுத்தார். இனி இதை எங்கே தூக்கிக்கொண்டு போவதாக இருந்தாலும் முதலில் இந்த இரண்டையும் இறுக்கிவிட வேண்டும் என்று அவள் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டியதும் அவர்தான். வீட்டில் இருக்கும்வரை இதில் கை வைக்காதே என்றும் சொன்னார்.

ஸ்க்ரூவின் தலையெல்லாம் கீறல். சமையலறைக் கத்தியால் திருகியிருக்கிறாள். இவருடைய திருப்புளி என்றைக்கு வீட்டில் இருந்தது?

நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தார். இசைத்தட்டுகள் பாதிதான் இருந்தன.

அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவள் கையில் ஒரு பை இருக்கும். போன வாரம் பஸ் நிறுத்தம் வரை இவர்தான் தூக்கிக் கொடுத்தார். அப்பப்பா, அக்காவுக்குக் கல்லையா கொண்டுபோகிறாய் என்று கேலி வேறு செய்தார். அவள் லேசாகச் சிரித்தாள்.

அவள் சண்டை போட்ட நாளெல்லாம், இங்கேயே இருப்பதற்காகத்தான் சண்டை போட்டிருக்கிறாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

தளர்த்திய ஸ்க்ரூவை மறுபடி இறுக்கினார். இன்னொன்றையும் தொட்டுப் பார்த்தார். கத்திக்கு அவ்வளவுதான் முடிந்திருக்கும், கொஞ்சம் ஆடியது. அதையும் நன்றாக அழுத்தி முடுக்கினார். வழியில் குலுங்கக் கூடாது.

தட்டை வைத்து, விரிப்பைப் போடுவதற்குள் கதவு திறந்தது. அவள் வாசலிலேயே நின்றாள். கையில் பை காலியாக மடிந்திருந்தது.

"ரிப்பேரா பண்றீங்க?"

"இல்ல, சும்மா தூசி தட்டினேன்."

அவள் பிளேயரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு முகம் கழுவப் போனாள்.

உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டதும், தன் பையிலிருந்து சின்னத் திருப்புளி ஒன்றைத் தேடி எடுத்தார். நகர்ந்து முள்ளில் இடித்துவிடாதபடி துணியில் சுற்றி, பிளேயரின் மூடிக்குள் ஓரமாகச் செருகி வைத்தார்.

போய்ச் சேர்ந்ததும் ஸ்க்ரூவைத் தளர்த்த அவளுக்கு அது வேண்டியிருக்கும்.