நேர்ச்சைக் குருசு

குழியில் குருசை நிறுத்தியதும் கூட்டம் நெருங்கி வந்து அண்ணாந்து பார்த்தது.

ஆளுயரத் தேக்குச் சிலுவை. அடியில் விரிந்த தாமரை. அதிலிருந்து கிளம்பிய கொடி தண்டைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. இரண்டு கைகளின் முனையிலும் கிளிகள். கைகள் கூடும் இடத்தில் சூரியன், நாலாபக்கமும் கதிர் விட்டு.

"செட்டியார் வீட்டு வாச நிலையையே பேத்துக்கிட்டு வந்த மாதிரியில்ல இருக்கு!" என்றார் உபதேசியார் சவரிமுத்து.

முத்தப்பன் ஆசாரி தலை நிமிரவில்லை. செதுக்கியவன் அவன்தான். ஊர் புகழப் புகழ அவனுக்குக் காது மடல் சுட்டது.

பக்கத்தில் அவன் மனைவி நாகவல்லி, அவன் கொண்டுவந்த ரங்கூன் பட்டுச்சேலையை உடுத்தி நின்றிருந்தாள். அவன் அந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

காளையார்கோவில் போகும் பாதையோரத்துக் கிறிஸ்தவ வேதக்கோயிலின் வாசல் அது. இவர்கள் வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் பெரிய சங்கடம் என்று வந்துவிட்டால், குலசாமிக்கு நேர்ந்த கையோடு இங்கேயும் வந்து நேர்ந்துகொள்கிறவர்களில் நாகவல்லியும் ஒருத்தி.

முத்தப்பன் மரவேலைக்கு ரங்கூன் போனவன். முதலில் கடுதாசி வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. வருஷங்கள் போயின. இந்த மாசியில் ஒருநாள் தகரப்பெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

ஏன் எழுதவில்லை என்று நாகவல்லி கேட்கவில்லை. தண்ணீர் மோந்து கொடுத்தாள். வேதக்கோயிலுக்குக் குருசு நேர்ந்திருப்பதாகவும், அதை அவன் கையாலேயே செய்து தரவேண்டும் என்றும் மட்டும் சொன்னாள். பெரிய வீட்டு ஆச்சியிடம் கேட்டு வாங்கிய மரம் சுவரோரம் சாத்தியிருந்தது.

பர்மாத் தேக்கு. இழைப்புளி ஓடியதும் ரங்கூன் பட்டறையின் வாசம் எழுந்து வீடு முழுக்க நின்றது.

ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த கப்பலில் திரும்பத்தான் அவன் வந்திருந்தான். குருசை முடித்துக் கொடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். அப்புறம், குருசு முடியவே கூடாது என்று நினைத்தான்.

வெறுங்குருசு போதும் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். அவன் தாமரை வைத்தான். தாமரை முடிந்ததும் கொடி. கொடி முடிந்ததும் கிளி. சொல்ல வாய் வராத ஒவ்வொரு நாளும் உளி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கிற்று.

நாகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து சிராய்களைக் கூட்டி அள்ளிக்கொண்டிருப்பாள். பொண்டாட்டி நேர்ச்சைக்கு எம்புட்டு இழைக்கிறான் பாரு என்று தெருவே மெச்சியது. அதைக் கேட்டு அவன் இன்னும் குனிந்து செதுக்கினான்.

"என்ன நேர்ச்சைன்னு சாமிகிட்ட வாய்விட்டுச் சொல்லு தாயி. சொல்லிட்டு மொத மண்ண நீ தள்ளு" என்றார் உபதேசியார்.

புருஷன் வீடு திரும்பவேண்டும் என்பதுதானே நேர்ச்சை? நிறைவேறிவிட்டது என்று இவள் சாமி முன்னால் சொல்லப்போகிறாள். சொன்னால் அது பொய்.

முத்தப்பன் அவள் கையைப் பிடித்தான்.

"வேணாம் நாகு. நான் தங்குறதுக்கு வரல. அங்குட்டு எனக்கு ஒரு குடும்பம் இருக்கு. பொம்பளப்புள்ள ஒண்ணு இருக்கு. நான் திரும்பிப் போகணும்."

அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

நாகவல்லி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். அழவில்லை. குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள்.

"அங்க வாந்திபேதி கண்ட வருசம், ரங்கூன்லேருந்து ரெண்டு பேரு ஊருக்கு வந்தாக. நீங்க செத்துப்போயிட்டீகன்னு ஒருத்தரு சொன்னாரு. அதெல்லாம் இல்ல, வேற பொண்டாட்டி கட்டி, புள்ளையோட இருக்கீகன்னு இன்னொருத்தரு சொன்னாரு."

குருசைப் பார்த்தபடியே அவள் பேசினாள். உபதேசியாருக்கும் கேட்கும்படிதான் பேசினாள்.

"ரெண்டாவது ஆளு சொன்னது நெசமா இருக்கணும்னுதான் நான் நேந்துக்கிட்டேன்."

மண்ணைக் குழியில் போட்டாள். போட்டுவிட்டு, அடுத்த மண் தள்ள அவனுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றாள்.