ஒரு கேன் டீசல்

"என்ன மச்சான், கையில டீசல் கேன்?"

பங்க்கில் எதிர்ப்பட்ட மைத்துனன் கேட்டதும் சோலார்காரர் திருதிருவென்று விழித்தார். இருவரும் சேர்ந்துதான் சோலார் பேனல் கடை நடத்துகிறார்கள்.

"ஒரு இடத்துல கொடுக்கணும் மாப்ள."

"காலையில ஸ்கூல்ல என்ன பேசுனீங்க? நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும், சூரியன் தீராது, இனி ஒரு சொட்டு டீசல் எரிக்கிறதும் பாவம்னு. அந்தக் கைதட்டல் இன்னும் காதுல இருக்கு. ஊருக்குத்தான் உபதேசமா?"

"வண்டியில ஏறு. வழியில திட்டிக்கலாம்."

சோலார்காரர் வளர்ந்த தெரு. மூடிக் கிடந்த மாவு மில் முன்னால் வண்டி நின்றது. கூரைமேல் அவர்கள் கடை பேனல். உள்ளே விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது.

"கரண்ட்டுதான் இருக்கே. அப்புறம் டீசல் எதுக்கு?"

சோலார்காரர் மில்லின் பழைய இன்ஜினில் டீசலை ஊற்றி, கைப்பிடியைச் சுழற்றினார். அது தடதடவென்று ஓடிப் புகை கக்கியது. மைத்துனன் மூக்கைப் பொத்தினான். அவரோ மூச்சை இழுத்து விட்டார்.

"இந்த வாசனைக்கு இன்னிக்கும் கணக்குப் பாடம் ஞாபகம் வருது மாப்ள. அப்பல்லாம் சாயங்காலமானா கரண்ட் போயிடும். அரைக்க ஒண்ணும் இல்லாட்டியும் மில்காரர் எங்களுக்காக இன்ஜினை ஓட்டுவார். டைனமோவுல ஒரே ஒரு பல்பு. தெருப் பசங்க மொத்தமும் அதுக்குக் கீழதான். நோட்டைத் திறந்தா மாவு கொட்டும்."

"அது அப்போ. இப்ப யாருக்காக ஓடுது?"

மில்காரரின் மனைவி உள்ளேயிருந்து வந்தார்.

"அவருக்கு மறதி வந்துடுச்சு தம்பி. பொழுது சாய்ஞ்சா போதும், கரண்ட் போச்சே, புள்ளைங்க எப்படிப் படிக்கும்னு தவிக்கிறார். கூரையில பேனல் இருக்குன்னா புரியல. இந்தச் சத்தம் கேட்டாத்தான் அடங்குறார்."

அதற்குள் மில்காரரே கோலூன்றி வந்துவிட்டார். நரைத்த தலைகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்டா நிக்கிறீங்க? வெளிச்சம் வந்துடுச்சுல்ல, உக்காந்து படிங்க."

முதலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது மைத்துனன்தான்.