டங்கனின் துணை ஆள்

"உள்ள போனதும் வளவளன்னு பேசக் கூடாது, பாக் டங்கன். கேட்டதுக்கு மட்டும் பதில். முதல்ல டையைச் சரி பண்ணுங்க."

நிங்ரும் சொன்னபடியே, அரசு அலுவலக வாசலில் டங்கன் டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நியூசிலாந்துக்காரர், கம்பெனி ஒப்பந்தங்கள் எழுதும் வக்கீல். ஜகார்த்தாவுக்கு வந்ததிலிருந்து நிங்ரும் அம்மாள்தான் அவருக்குத் துணை ஆள். வெளிநாட்டவர் ஒருவர் வேலை பார்த்தால், உள்ளூர்க்காரர் ஒருவர் கூடவே இருந்து அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐயா என்பதற்கு அந்த ஊரில் 'பாக்', அம்மா என்பதற்கு 'இபு'.

டங்கனின் வேலை அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் குடும்பத்தோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

"என் பொண்ணு பொறந்ததே இங்கதான், இபு. ஆக்லாந்துல அவளுக்கு யாரைத் தெரியும்? மிளகாய்ச் சம்பால் இல்லாம சோறே இறங்காது."

"தெரியும். அதுவும் எங்க வீட்டுச் சம்பால்தான் வேணும் மகாராணிக்கு. வாங்க, கூப்பிடுறாங்க."

அதிகாரி சுபாக்யோ பூப்போட்ட பத்திக் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். ஜாவாக்காரர் முடியாது என்று சொல்லும்போதும் இப்படித்தான் சிரிப்பார்.

"வாங்க, வாங்க. வருஷா வருஷம் இதே ஜோடி." விண்ணப்பத்தைத் தொடக்கூட இல்லை. தேநீரை நகர்த்தி வைத்தார். "இபு நிங்ரும், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இவர்கிட்ட வேலையைக் கத்துக்கிட்டீங்களா?"

"கத்துக்கிட்டேன், பாக்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். கப்பல் வாங்க, பாங்குக் கடனுக்கு, சிங்கப்பூர் வக்கீலோட மல்லுக்கட்ட, எதுக்கும் இவர் வேணாம். நானே பாத்துப்பேன்."

டங்கன் கையில் தேநீர் அப்படியே நின்றது. இவ்வளவு பச்சையாகவா சொல்வது?

"அப்புறம் இவர் எதுக்கு?" சுபாக்யோ இன்னும் சிரித்தார். "கத்துக்கலைன்னு சொல்லியிருந்தா, இத்தனை வருஷமா என்னதான் சொல்லிக் குடுத்தார்னு கேட்டிருப்பேன். எப்படிச் சொன்னாலும் சிக்கல்தான். மன்னிக்கணும், பாக் டங்கன். சட்டம் நான் எழுதினதில்ல. உங்க வேலையைச் செய்ய இங்கயே ஆள் தயார். நீங்க சந்தோஷமா ஊருக்குப் போகலாம்."

மகளிடம் போய் என்ன சொல்வது? டங்கன் வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் நிங்ரும் அவர் காலை நன்றாக மிதித்தார்.

"வேற வழியே இல்லையா, பாக்?" என்றார் நிங்ரும் பணிவாக.

"இருக்கு. இவர் கட்டாயம் வேணும்னா, இவரோட முதலாளி வந்து கேக்கணும். துணை ஆள் நீங்க வந்து கேட்டா நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க. முதலாளியை வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்."

நிங்ரும் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"துணை ஆள் வேலையைப் போன மாசமே விட்டுட்டேன், பாக். உள்ளூர் வக்கீல் நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு சொந்தமா ஆபீஸ் திறந்தாச்சு. அவங்க இவர்கிட்ட வேலை கத்துக்கணும். அதுக்கு இவரைக் கேட்டு வந்திருக்கிற முதலாளி நான்தான்."