செர்ரிக் கணக்கு

முகத்தில் வெல்டிங் முகமூடி, உடம்பில் தோல் கோட்டு, கையில் தடித்த தோல் உறை. அப்படி ஓர் ஆள் பட்டப்பகலில் தன் வீட்டின் பின்பக்கப் படியில் இறங்கி நிலவறைக்குள் போவதைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள் டார்லா.

நிலவறையில்தான் ஜோசி தூங்கிக்கொண்டிருந்தாள். மிச்சிகனின் அந்த ஜூலைப் புழுக்கத்துக்கு வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று காலையில்தான் டார்லா தொட்டிலைக் கீழே இறக்கியிருந்தாள். இன்னும் தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தை.

டார்லா ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

நடையைப் பார்த்தால் பக்கத்து வீட்டு லைல் மாதிரி இருந்தது. அதுவே இன்னும் பயமாக இருந்தது. போன வாரம்தான் வேலியோரம் அவருக்கும் இவள் கணவன் ட்ரென்ட்டுக்கும் வாய்ச்சண்டை. எல்லாம் வீட்டில் காய்ச்சும் பியரால் வந்தது.

சனிக்கிழமை ஊர்க் கண்காட்சியில் போட்டி. வருஷா வருஷம் பரிசு லைலுக்குத்தான். இந்த முறை ட்ரென்ட் கூடை செர்ரியைக் கொட்டி, பழத்துச் சர்க்கரையால் போதை எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டு, அவசர அவசரமாகப் பாட்டிலில் அடைத்து நிலவறையில் அடுக்கிவிட்டான். கணக்கு உதைக்குதே என்றார் லைல். வயிற்றெரிச்சல் என்று சிரித்தான் ட்ரென்ட். குடித்துப் பார்த்துவிட்டு அழு என்று நேற்று ஒரு பாட்டிலையும் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

குழந்தை அழுதால் மேலே கேட்பதற்காக வைத்திருந்த மானிட்டரில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். பாட்டில்கள் உரசும் சத்தம். பிறகு லைலின் குரல்.

"அடக் கடவுளே, குழந்தை இங்கேயா இருக்கு?"

டார்லா ஓடினாள். அவள் பின்வாசலுக்கு வருவதற்குள் அவர் படியேறி வந்துகொண்டிருந்தார். தன் தோல் கோட்டில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். கோட்டுக்கு வெளியே ஒரு பிஞ்சுக் கால் தெரிந்தது.

"குழந்தையைக் குடுத்துடுங்க லைல். பியர் பூராவும் எடுத்துக்குங்க."

"நிக்காதே, தெருவுக்கு ஓடு."

அவர் சொல்லி முடிக்கவில்லை. பின்னால் துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. லைல் குழந்தைமேல் குனிந்துகொண்டு டார்லாவையும் தள்ளிக்கொண்டு ஓடினார்.

தெருவுக்கு வந்துதான் குழந்தையைக் கொடுத்தார். ஜோசி கொட்டாவி விட்டாள். லைலின் தோளில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்தி நின்றது.

"நேத்து அந்தப் பாட்டிலைத் திறந்தேன். பியர் கூரையில போய் அடிச்சுது" என்றார். "செர்ரிச் சர்க்கரையைப் போதைக்குக் கணக்குல சேர்த்தவன், உள்ளே உண்டாகிற கேஸுக்குச் சேர்க்க மறந்துட்டான். அது பாட்டிலுக்குள்ளயும் புளிச்சுப் பொங்கிக்கிட்டே இருக்கும்மா. வாசல்ல கார் இல்லை, யாரும் இல்லைன்னு நினைச்சேன். மூடியைத் திறந்துவிட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

டார்லாவுக்கு அழுகை வந்தது. ட்ரென்ட்டைக் கூப்பிடப் போனை எடுத்தாள்.

"வரச் சொல்லு, ஆனா கணக்குத் தப்புன்னு மட்டும் சொல்லாதே. மக பக்கத்துல வெடியை வெச்சோம்னு தெரிஞ்சா அவன் ஆயுசுக்கும் தூங்க மாட்டான். கணக்கை நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்."

ட்ரென்ட் வந்தபோது நிலவறைத் தரையெல்லாம் செக்கச்செவேலென்று பியர். தெருவில் முகமூடியும் கையுமாக லைல்.

"நீதானே உடைச்சே?"

"ஆமா. பொறாமைல உடைச்சுட்டேன்."

ட்ரென்ட் மனைவி பக்கம் திரும்பினான். "பாத்தியா? இப்படிப்பட்ட ஆளுக்குப் பக்கத்துல குழந்தையை எப்படி நம்பி வெச்சிருக்கறது?"

டார்லா இடுப்பிலிருந்த ஜோசியைத் தூக்கி லைலின் கையில் கொடுத்தாள்.