பிரமிளா எழுதிய காரணம்

வாடகை உதவி கேட்டு அரசுக்கு எழுதுவதெல்லாம் வீட்டு உரிமையாளரின் திரையிலும் தெரியும் என்பது பிரமிளாவுக்கு இன்று காலைதான் தெரிந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரரான வசுமதி ஆன்ட்டி சிரித்துக்கொண்டே மாடியேறி வந்து சொன்னார்.

"ஏம்மா, தனியா இருக்கேன்னுதானே சொன்ன? புருஷன் இருக்காராமே!"

"ஆன்ட்டி, அதுலயே எழுதியிருந்தேனே... அடிச்சே கொன்னுடுவாருன்னு."

"படிச்சேன், படிச்சேன். எந்த வீட்லம்மா அடி இல்ல? உங்க அங்கிள் அடிக்காததா? நேத்து அப்ளிகேஷன்ல இருந்த நம்பர்ல நானே உன் புருஷனுக்குப் போன் போட்டேன். பாவம், ஓன்னு அழுதுட்டாரு. இனிமே கையே ஓங்க மாட்டாராம்."

"நான் இங்க இருக்கேன்னு சொல்லிட்டீங்களா?"

"சொல்லாம? அப்ளிகேஷன்ல இருந்த ஃபேமிலி போட்டோவை கீழ்க் கதவுல ஏத்திட்டேன். மூஞ்சியப் பார்த்ததும் அதுவே திறந்துடும். உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னுதான் சொல்லல."

பிரமிளா உள்ளே ஓடி, தூங்கிக்கொண்டிருந்த பாப்பாவை வாரித் தூக்கினாள். இறங்க இருப்பது ஒரே படிக்கட்டு.

கீழே கதவு, எல்லோரையும் வரவேற்கும் அதே இனிமையான குரலில் பேசியது.

"வணக்கம், ஜெயசீலன். உங்கள் குடும்பம் மூன்றாவது மாடியில் இருக்கிறது."