பெரிய டூல் போஸ்ட்

யார்கிட்டயும் சொல்லிடாதடி கலை. கண்ணை மூடினா சாயங்காலம் நடந்ததேதான் தெரியுது. ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுக் கொல்லை ஷெட்டு. டியூப்லைட் வெளிச்சத்துல இரும்புக் கம்பியைச் சுத்தவிட்டுக் கடையற அண்ணனோட சின்ன லேத் மெஷின். அதுமேல நேத்து வந்த புது டூல் போஸ்ட், எண்ணெய் மினுமினுக்க உக்காந்திருக்கு. வெட்டற டூலைப் புடிச்சுக்கற தாங்கி அது, டூலைச் சட்டுன்னு மாத்தலாம்னு வாங்கினது. "சின்ன சைஸ் போதும்டா"ன்னு அப்பா சொல்லியும் கேக்காம பெருசா வாங்கிட்டான். எவ்வளவு எறக்கினாலும் டூல் மூக்கு, சுத்துற கம்பியோட நடுவுக்கு மேலயே நிக்குது. "கம்பி வளைஞ்சு மூஞ்சில தெறிக்கும்டா, திருப்பி அனுப்பிடு"ங்கறேன். "அனுப்பினா அப்பா ஜெயிச்ச மாதிரி ஆயிடும். நீ தள்ளிப் போடி"ங்கறான். பாதுகாப்புக் கண்ணாடிகூடப் போடாம குனியறான். மோட்டார் உறுமுது. டூல் கம்பியை நெருங்குது. ஓடிப்போய் மெயின்ல ப்யூஸைப் புடுங்கிடறேன். ஒரே இருட்டு. லேத் முனகிக்கிட்டே ஓயுது. அண்ணன் பக்கத்து வீட்டு மதில்கிட்டப் போய்க் குரல் குடுக்கறான்: "மாமி, உங்க வீட்டுல கரண்ட் இருக்கா?" நான் ப்யூஸை முதுகுக்குப் பின்னால இறுக்கிப் புடிச்சிருக்கேன். "எங்காத்துல இருக்கேடா!" அண்ணன் மெதுவா என் பக்கம் திரும்பறான்.